காரின் கால்களைத் தின்னும் துரு! எந்தப் பூச்சு காப்பாற்றும்?

கார் பளபளவென்று நிற்கிறது. அதன் மேனியில் முகம் பார்க்கலாம். ஆனால், குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் மீது செம்மண் பூசியது போல ஒரு நிறம் தெரிகிறதா?

அதுதான் துரு!

சக்கரத்தையும் காரின் உடலையும் இணைப்பவை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இரும்புக் கைகள் ஆகியவை. இவற்றுக்கு "சஸ்பென்ஷன்" என்று பெயர். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குபவை இவைதான். தாய் மடியில் தூங்கும் குழந்தை விழிக்காமல் இருப்பது இவற்றின் புண்ணியம்!

ஸ்பிரிங்கில் துரு ஒரு சிறு குழி பறித்தாலும் போதும். கார் குலுங்கக் குலுங்க, அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு நாள் ஸ்பிரிங் முறியும். முறிந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும்.

உப்பு செய்யும் வேலை

இரும்பு, தண்ணீர், பிராணவாயு. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். தண்ணீரில் உப்பும் கலந்துவிட்டால் துரு வேகமாகப் பரவும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரும்பு சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கடல் இல்லாத ஊர்களில்கூட இந்தத் தொல்லை உண்டு. குளிர்காலத்தில் சாலையில் உறைந்த பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடியில் ஒட்டிக்கொள்கிறது.

துத்தநாகக் கவசம்

உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு, 1837-ல் பிரான்சு நாட்டில் சோரேல் என்பவர் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். சிறு கீறல் விழுந்தாலும் காக்கும்.

அப்படியானால் ஸ்பிரிங்கையும் அதில் முக்கலாமா?

கூடாது! உருகிய துத்தநாகத்தின் சூடு சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு. அந்தச் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் கெடக்கூடும்.

மின்சாரத்தால் முலாம் பூசுவதிலும் ஆபத்து உண்டு. அமிலத்தில் கழுவும்போதும், முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்துகொள்ளும். மிகக் கடினமான உருக்கு அதனால் நொறுங்கும் தன்மை அடையும். வெளியே பளபளக்கும்; பாரம் ஏறியதும் திடீரென்று முறியும்! சாதாரண இரும்பில் செய்த தாங்கிகளுக்கு முலாம் ஏற்றது. ஸ்பிரிங்குக்கு வேண்டாம்.

பவுடரா, பெயிண்டா?

பவுடர் கோட்டிங் என்பது என்ன? மின்சாரம் ஏற்றிய பொடியைத் தூவி, சுமார் 200 டிகிரி சூட்டில் சுடுவது. இந்தச் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் கெடாது. பூச்சும் கெட்டியாக இருக்கும். ஆனால், கல் தெறித்து ஓரிடம் பெயர்ந்தால் தண்ணீர் உள்ளே புகும். பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். அடுப்பில் வைக்குமுன் ரப்பர் புஷ்களைக் கழற்றிவிடவும் வேண்டும்.

எப்பாக்சி பிரைமர் இரண்டு மருந்துகளைக் கலந்து பூசுவது. இரும்பை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் ஒரு பெயிண்ட் அடிக்கலாம். பெயர்ந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். பழைய காருக்கு இதுவே சௌகரியம். பாகங்களை முழுவதும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறவர்கள் பவுடரைத் தேர்ந்தெடுக்கலாம்.

மறக்கக் கூடாதவை

எந்தப் பூச்சானாலும் அடித்தளம் முக்கியம். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுவதும் போக்க வேண்டும். துருவின் மேல் பூசினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போலத்தான்!

ஷாக் அப்சார்பரின் வழவழப்பான தண்டில் பெயிண்ட் படக் கூடாது. போல்ட் இறுகும் இடங்களிலும் தடிமனாகப் பூசக் கூடாது. பூச்சு நசுங்கினால் போல்ட் தளர்ந்துவிடும். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் துள்ளினால் உயிருக்கே ஆபத்து. அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

குழி விழுந்த ஸ்பிரிங்குக்கு எந்தப் பூச்சும் பலம் தராது. அதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

கடற்கரைக்குப் போய் வந்தால், காரின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். செலவில்லாத கவசம் அது!