பத்துமலையின் பாறைச் செடிகள்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறோம். கண்கள் மேலேயுள்ள குகைவாயிலையே நாடும். நடுவில் நின்று மூச்சு வாங்கும்போது, பக்கத்திலுள்ள பாறையை நாம் என்றேனும் உற்றுப் பார்த்ததுண்டா? மண்ணே இல்லாத அந்தச் செங்குத்துச் சுவரில் செடிகள் வேரூன்றி நிற்கின்றன, பூக்கின்றன. அவை அங்கே எப்படிப் பிழைக்கின்றன?

பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்ததால் குகைகள் உண்டாயின. அதே காரணத்தால் நீர் மேலே தங்குவதில்லை. வெடிப்புகளின் வழியே இறங்கிவிடுகிறது. ஆகவே, மழை மிகுந்த நம் நாட்டிலும் குன்றின் உச்சியிலுள்ள செடிக்கு வறட்சிதான். அடிவாரத்திலோ நிழலும் ஈரமும். ஒரே குன்றில் இத்தனை வகை இருப்பிடங்கள் இருப்பதால், செடிகளும் பல வகைப்படுகின்றன.

சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் சில செடிகள் மழையில்லாத நாட்களில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு காய்ந்ததுபோல் கிடக்கும். மழை விழுந்ததும் மீண்டும் பச்சை பிடிக்கும். நிழலில் வளரும் மோனோபில்லேயா என்னும் செடிக்கு ஆயுள் முழுவதும் ஒரே இலைதான். முளைக்கும்போது தோன்றும் இரண்டு வித்திலைகளில் ஒன்று மட்டும் வளர்ந்து பெரிதாகும். அதன் அடியிலிருந்தே பூக்கள் தோன்றும்.

நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பைக்கு இங்கே ஓர் உறவுச் செடி உண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. மாக்ஸ்புரேட்டியா ரூபிகோலா என்னும் சிறிய விசிறிப்பனையோ, சிலாங்கூரில் பத்துமலை, புக்கிட் தாக்குன், புக்கிட் அனாக் தாக்குன் ஆகிய மூன்று குன்றுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. உலகில் வேறெங்கும் இல்லை.

தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் சுமார் 0.3 விழுக்காடுதான். ஆனால் தாவரவியலாளர் சின் சீ சுங் 1977-இல் வெளியிடத் தொடங்கிய ஆய்வில், இக்குன்றுகளில் 1,216 வகைத் தாவரங்களைப் பட்டியலிட்டார்.

இதனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பத்துமலைக் குகைகளில் தங்கும் தேனுண்ணும் வௌவால்களை 1970-களில் ஆராய்ந்தார்கள். அவை இரவில் 38 கிலோமீட்டர் வரை பறந்து சென்று, கடலோரச் சதுப்புக்காட்டின் மரப் பூக்களில் தேன் குடித்துத் திரும்புவது தெரிய வந்தது. டுரியான், பெத்தாய் ஆகிய மரங்களின் பூக்களிலும் மகரந்தத்தைச் சேர்ப்பவை இவ்வௌவால்களே. குன்றுக்கு நேரும் கேடு நம் பழக்கூடை வரை வந்து சேரும்.

பத்துமலையிலும் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள்; 1980-களில்தான் அது நின்றது. வெட்டிய காடு ஒருவேளை மீண்டும் தழைக்கலாம். உடைத்த குன்று வளராது. மூன்றே குன்றுகளில் வாழும் பனைக்கு ஒரு குன்று போவதென்றால், மூன்றில் ஒரு வீடு போவதாகும்.

நாம் செய்யக்கூடியது பெரிதல்ல. பாறையிலுள்ள செடியைப் பறிக்க வேண்டாம். அடிவாரத்தில் குப்பைக்குத் தீ வைக்க வேண்டாம். காய்ந்த நாட்களில் தீ குன்றின் மேலே ஏறிவிடும். அழகுக்காக வெளியூர்ச் செடிகளைக் கொண்டுவந்து அங்கே நடவும் வேண்டாம். அடுத்த முறை படியேறும்போது, மூச்சு வாங்க நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில், பாறைப் பக்கம் திரும்பிப் பார்ப்போம். பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.