நாய்க்கும் மூளையில் கட்டி வருமா?

திருவண்ணாமலைக்கும் நாய்களுக்கும் பழைய உறவு. ரமணாச்ரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் வீட்டில் வளரும் எட்டு வயது நாய்க்குத் திடீரென்று வலிப்பு வந்தால் போதும், "ஐயோ, வெறி பிடிச்சிடுச்சு, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க!" என்று பதறிவிடுகிறோம்.

அவசரப்படாதீர்கள், சகோதரிகளே! நமக்கு வருவதுபோல நாய்க்கும் மூளையில் கட்டி வரும், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியபின். அதுவரை வலிப்பே இல்லாத நாய்க்கு முதன்முறையாக வலிப்பு, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடப்பது, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது, சாதுவான நாய் சிடுசிடுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். ஈரல், சிறுநீரகக் கோளாறாலும் வலிப்பு வரலாம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை.

வலிப்பின்போது இரும்புச் சாவி வேண்டாம். வாயில் கை வைக்கவும் வேண்டாம். மேஜை, நாற்காலியை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே டாக்டர்தான். நாம் சாப்பிடும் ஜுர மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷமாகிவிடலாம்.

ஒன்று முக்கியம். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் குணம் மாறி எச்சில் ஒழுக்கினால், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிதான் என்று உறுதியாகத் தெரிய மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். உள்ளூர்க் கால்நடை டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்குப் போகலாம். மூளையை மூடிய சவ்வில் வரும் 'மெனிஞ்சியோமா'தான் நாய்களுக்கு அதிகம். மேலாக இருந்தால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம். கதிர்வீச்சும் சேர்ந்தால் பல நாய்கள் ஒரு வருஷத்துக்கு மேலும் வாழ்கின்றன. ஆனால் நாய்களுக்கு அந்த வசதி நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை.

அதனால் பல வீடுகளில் மாத்திரைதான் துணை. ஸ்டீராய்டு மூளை வீக்கத்தைக் குறைக்கும். பீனோபார்பிடோன் வலிப்பை அடக்கும். கட்டி கரையாது, ஆனாலும் சில வாரங்களோ, சில மாதங்களோ நிம்மதி கிடைக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தாகம், பசி அதிகமாகும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடும். அது மருந்தின் வேலை, திட்டாதீர்கள்.

மருந்துக்கும் அடங்காத நிலை வந்தால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அது பாவமில்லை. தெருவில் விட்டுவிட்டு வருவதுதான் பாவம்.