340 அறை மாளிகையில் ஒரு குடித்தனக் கணக்கு

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு எப்போதும் இரண்டு வீடு. ஒன்று, வேலைக்காகத் தங்கும் இடம். மற்றொன்று, நல்லது கெட்டதுக்கு ஓடும் ஊர் வீடு. சாலை பஜாரில் கணக்கு எழுதுகிறவருக்கும் சரி, சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கும் சரி, இதுதான் நிலை.

நாட்டின் ஜனாதிபதிக்கும் இதே நிலைதான் என்றால் நம்புவீர்களா?

டில்லி ஜனாதிபதி மாளிகையில் 340 அறைகள். சுற்றிலும் 330 ஏக்கர் நிலம். வளாகத்துக்குள்ளேயே தபாலாபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களும் அங்கேயே குடியிருக்கின்றன. தொட்டில் ஆடும் வீடும் உண்டு. துக்கம் விசாரிக்கும் வீடும் உண்டு. நடுவில் நிற்கும் பெரிய வீட்டில் இருப்பவருக்கு மட்டும் ஐந்து வருஷக் கெடு.

சாவும் பதவியேற்பும்

அந்தக் கெடு முடியுமுன்பே இரண்டு ஜனாதிபதிகள் அங்கு காலமானார்கள்.

1969 மே 3ஆம் தேதி டாக்டர் ஜாகீர் உசேனை வழக்கம்போல் பரிசோதிக்க டாக்டர்கள் வந்திருந்தார்கள். குளியலறைக்குச் சென்றவர் அங்கேயே மயங்கி விழுந்து உயிர் நீத்தார். அன்றே வி.வி. கிரி தற்காலிக ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றார். இவர் 1960 முதல் 1965 வரை கேரள கவர்னராகத் திருவனந்தபுரம் ராஜ்பவனில் இருந்தவர்.

1977 பிப்ரவரி 11ஆம் தேதி பக்ருதீன் அலி அகமதுவின் முடிவும் அப்படியே. மலேசியப் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பியவர், மறுநாள் காலையில் குளியலறையில் விழுந்தார். அன்றே பி.டி. ஜாட்டி பொறுப்பேற்றார்.

வீட்டுக்காரர் கண்ணை மூடினால் குடும்பமும் மூட்டை கட்ட வேண்டும். மாளிகையானாலும் அது குடியிருக்கக் கொடுத்த வீடுதான்.

ராஜாஜி எடுத்த சின்ன அறை

இதை நன்கு உணர்ந்தவர் ராஜாஜி. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாக அங்கே குடிபுகுந்தவர், வைஸ்ராய்கள் உறங்கிய பெரிய அறைகளை வேண்டாம் என்று சொல்லி, சிறிய பகுதிக்குப் போய்விட்டார். பின்னால் வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பகுதியிலேயே குடித்தனம் நடத்தினார்கள். பெரிய அறைகள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று ஆயின. உணவுத் தட்டுப்பாட்டு நாளில் மாளிகை நிலத்தில் கோதுமை பயிரிட வைத்தவரும் ராஜாஜியே.

தம்பானூர் முதல் டில்லி வரை

அவருக்குப் பின் அந்த வீட்டில் குடியிருந்த இன்னொரு தமிழரைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் டாக்டர் அப்துல் கலாம்.

தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21ஆம் தேதி பறந்தது. அந்தக் காலத்தில் அங்கு வேலை பார்த்த இளைஞர்கள் நகரத்து லாட்ஜில் தங்கி, ரயில்வே ஸ்டேஷன் கேன்டீனில் சாப்பிட்டு, பகல் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கலாமும் அவர்களில் ஒருவர்.

அவர் இங்கிருந்தபோதுதான் அக்காள் கணவர் ஜலாலுதீன் இறந்த செய்தி வந்தது. ஒரு பஸ்ஸிலிருந்து மறு பஸ் என்று இரவெல்லாம் மாறி மாறிப் பயணம் செய்து மறுநாள் காலையில்தான் ராமேசுவரம் போய்ச் சேர்ந்தார். 1976இல் தந்தையும் மறைந்தார். பின்னர் தாயாரும் போய்ச் சேர்ந்தார். வெளியூரில் இருந்துகொண்டு இப்படிச் செய்தி கேட்டு ஓடியவர்களுக்குத்தான் அந்தப் பயணத்தின் நீளம் தெரியும்.

2002 ஜூலை 25ஆம் தேதி அவர் ஜனாதிபதியானார். பிறகு திருவனந்தபுரம் ராஜ்பவனுக்கு வந்தபோது அவர் விருந்தினராக அழைத்தவர்கள் இருவர். ஒருவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. மற்றவர் அந்நாளில் சோறு போட்ட சிறு ஓட்டல்காரர்.

உறவினர் வந்தார்கள்

2006 மே மாதம் ராமேசுவரத்திலிருந்து அவருடைய உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டில்லிக்கு வந்தார்கள். 90 வயது அண்ணன் முதல் ஒன்றரை வயதுப் பிள்ளை வரை அதில் அடக்கம். எட்டு நாள் மாளிகையில் தங்கினார்கள். ஊர் சுற்றிப் பார்க்க ஆபீஸ் கார் ஒன்றுகூட எடுக்கவில்லை. அறை வாடகை, சாப்பாடு, குடித்த டீ வரை கணக்கு எழுதப்பட்டது. மொத்தம் 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய். கலாம் தமது சொந்தப் பணத்திலிருந்து கட்டினார்.

கேட்பதற்கு ஆள் கிடையாது. கட்டாமல் இருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வந்தவர்கள் ஜனாதிபதியின் விருந்தினர் அல்ல, தம்பி வீட்டுக்கு வந்த அண்ணன் குடும்பம் என்று அவர் கணக்குப் பிரித்தார்.

ஆபீஸ் பேப்பரில் பிள்ளைக்குப் பாட நோட்டு தைக்கலாமா, கம்பெனி வண்டியில் மைத்துனரை ஸ்டேஷனுக்கு அனுப்பலாமா என்று நம்மில் பலர் ஒரு நிமிஷம் தயங்கியதுண்டு. அதே தயக்கம்தான் அந்த 340 அறை வீட்டிலும் இருந்தது.

2007 ஜூலை 25ஆம் தேதி, வந்தபோது கொண்டுவந்த இரண்டு பெட்டிகளோடும் தமது புத்தகங்களோடும் கலாம் வெளியேறினார். 2015 ஜூலை 27ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து காலமானார். மூன்று நாள் கழித்து ராமேசுவரம் மண்ணில் அடக்கமானார்.

அவரும் கடைசியில் ஊர் வீட்டுக்குத்தான் போனார்.