மட்கும் மரத்தில் மறைந்திருக்கும் வரலாறு

காட்டில் விழுந்து மட்கும் மரத்தைப் பயனற்றது எனக் கருதுவோர் பலர். ஆயினும், அம்மரத்தையே உணவாகவும் உறைவிடமாகவும் கொண்டு வாழும் உயிர்கள் பல. அவற்றுள் ஒன்று, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அப்பலாச்சியன் மலைக்காடுகளில் வாழும் மரந்தின்னிக் கரப்பான் ஆகும். 'கிரிப்டோசெர்கஸ்' என்பது அதன் பேரினப் பெயர்.

இப்பூச்சி கறையானுக்கு மிக நெருங்கிய உறவுடையது. மரத்திலுள்ள செல்லுலோஸைச் செரிக்க, அதன் பின்குடலில் வாழும் ஒருசெல் உயிரிகள் உதவுகின்றன. இக்கூட்டு வாழ்வை எல். ஆர். கிளீவ்லேண்ட் என்னும் அறிவியலாளர் விரிவாக ஆராய்ந்து 1934 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிறந்த குஞ்சுகளுக்கு இவ்வுயிரிகள் இயல்பாக வாய்ப்பதில்லை. பெற்றோரின் பின்குடலிலிருந்து வெளிப்படும் நீர்மத்தை உண்டே அவற்றைப் பெறுகின்றன. ஆகவே, பெற்றோரும் குஞ்சுகளும் ஒரே மரத்துண்டினுள் குடும்பமாகச் சில ஆண்டுகள் வாழ்கின்றன.

இப்பூச்சிக்குச் சிறகுகள் இல்லை. ஊர்ந்து செல்வதன்றிப் புதிய இடத்தை அடைய அதற்கு வேறு வழியில்லை. குளிர்ச்சியும் ஈரமும் நிறைந்த காடே அதற்கு ஏற்றது. எனவே, வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்கு அதற்குக் கடலைப் போன்ற தடையாகிறது. ஒவ்வொரு மலைமுகடும் ஒரு தீவாகிறது.

1862 ஆம் ஆண்டில் ஸ்கட்டர் என்பவர் இப்பூச்சிக்கு 'கிரிப்டோசெர்கஸ் பங்க்டுலேட்டஸ்' எனப் பெயரிட்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அப்பலாச்சியனில் வாழ்பவை அனைத்தும் ஒரே சிற்றினமாகவே கருதப்பட்டன. புறத்தோற்றத்தில் அவற்றிடையே எளிதில் வேறுபாடு காண இயலாது. குரோமோசோம்களை எண்ணியபோது உண்மை புலப்பட்டது. ஆண் பூச்சிகளின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்திற்கு இடம் வேறுபட்டது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று மட்டுமே இருப்பதால் இவ்வெண்கள் ஒற்றைப்படையாக அமைந்துள்ளன.

குரோமோசோம்களோடு, தாய்வழியாக வரும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வையும் சீனிவாஸ் கம்பம்பாட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். இருவகைச் சான்றுகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. அதன் பயனாக, 1999 ஆம் ஆண்டில் டார்வினி, கார்சியாய், ரைட்டி என்னும் மூன்று புதிய சிற்றினங்கள் அறிவிக்கப்பட்டன. தெற்கு அப்பலாச்சியனில் பல சிற்றினங்கள் அருகருகே காணப்படுகின்றன. வடக்கே பங்க்டுலேட்டஸ் பரவியுள்ளது.

இவ்வேறுபாடு தோன்றியது எவ்வாறு? குளிர் மிகுந்த காலங்களில் காடுகள் தாழ்நிலம் நோக்கி இறங்கின. வெப்பம் மிகுந்தபோது மலைமேல் ஒதுங்கின. அக்காடுகளோடு சேர்ந்து பூச்சிக் கூட்டங்களும் பிரிந்தன எனக் கருதப்படுகிறது. பிரிந்த கூட்டங்கள் தம்முள் கலந்து இனப்பெருக்கம் செய்ய இயலாதபோது, ஒவ்வொன்றிலும் தோன்றும் மரபணு மாற்றங்கள் அதனுள்ளேயே தங்கிப் பெருகுகின்றன. காலம் நீள நீள, அவை தனித்தனிச் சிற்றினங்களாகின்றன. இவ்வாறு, மலையின் பழைய வரலாறு பூச்சியின் மரபணுவில் பதிவாகிறது.

இவ்வுண்மை காட்டைப் பேணும் முறையோடும் தொடர்புடையது. எல்லாம் ஒரே சிற்றினம் எனின், ஒரு முகட்டில் அழிந்தாலும் பிற முகடுகளில் அது எஞ்சியிருக்கிறது என அமைதி கொள்ளலாம். ஆனால், அம்முகட்டின் மரபுவழி தனித்தன்மை உடையதாயின் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. அடுத்த மலையிலிருந்து பறந்து வந்து வெற்றிடத்தை நிரப்பச் சிறகற்ற பூச்சியால் முடியாது. விழுந்த மரங்களைத் தூய்மையின் பெயரால் அகற்றும்போது, நெடுங்காலம் தனித்து வளர்ந்த ஒரு மரபுவழி எவரும் அறியாமலே மறைந்துவிடக்கூடும். நிற்கும் மரங்களைக் காப்பதோடு, வீழ்ந்த மரங்களை மட்க விடுவதும் காடு காக்கும் கடமையே ஆகும்.