சென்னைக்கு நான்கு மணி நேரம்தானா?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்" என்பார்கள். சுற்றுலா போகிறவருக்கு அந்தப் பதில் போதும். ஊரில் அப்பத்தா தவறிவிட்டார் என்று விடியற்காலையில் தொலைபேசி வந்தால் போதாது. "நாங்கள் வரும்வரை எடுக்காதீர்கள்" என்று சொல்வதற்கு முன் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும்.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும், அவ்வளவுதான். பிறகு ஏன் நான்கு? விமானம் நிலையத்தில் நகரத் தொடங்கியது முதல் சென்னையில் வந்து நிற்கும்வரை உள்ள நேரத்தையே டிக்கெட்டில் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்க முறை வரும்வரை வானில் சுற்றுவதும் அதில் சேர்த்தி. காற்றும் விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுவதால், போகும்போது அது தள்ளிவிடும், திரும்பும்போது தடுக்கும்.

பலரைக் குழப்புவது கடிகாரம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம், சேரும் நேரம் இந்திய நேரம். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10.00 மணிக்குப் புறப்பட்டால் 11.30க்கு சென்னை என்றிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் எந்த விமானமும் போவதில்லை! பெரியவர்கள் சிலர் இன்றும் "ரெண்டு மணி நேர வித்தியாசம்" என்பதில் தவறில்லை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா, சபா, சரவாக்குடன் ஒத்துப்போகத் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் இரண்டு மணிதான்.

இப்போது தஞ்சாவூர் கணக்கைப் பார்ப்போம். 11.30க்குச் சென்னையில் இறங்கி, குடிநுழைவு முடிந்து வெளியே வர 12.30. அங்கிருந்து சாலையில் சுமார் 340 கிலோமீட்டர். வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிடும். பெரும்பாலும் அதற்குள் எடுத்துவிடுவார்கள். அதே நேரத்தில் திருச்சிக்கு நேரடி விமானம் கிடைத்தால் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு சுமார் 60 கிலோமீட்டர். இரண்டு, இரண்டரைக்குள் முகம் பார்த்துவிடலாம். ஆகவே, ஊருக்குச் சொல்ல வேண்டியது வாசலில் வந்து நிற்கும் நேரம், அதுவும் இந்திய நேரப்படி.

இதெல்லாம் விசா கையில் இருந்தால்தான். வெளிநாட்டு இந்தியர் அட்டை இல்லாத மலேசியக் குடிமக்கள் விசா இல்லாமல் விமானமேற முடியாது. வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள், கடப்பிதழோடு விசா காலாவதித் தேதியையும் அவ்வப்போது பார்த்து வைப்பது நல்லது.

திரும்பும் டிக்கெட்டிலும் ஒரு கண் வேண்டும். 15ஆம் தேதி நள்ளிரவு 12.30க்குச் சென்னையில் விமானம் என்றால், நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு 9.30க்கு. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு.