மெண்டி கப்பல்: கடலில் மறைந்த படையினரும் பெயர்ப் பதிவும்

கடலில் மூழ்கி இறந்த படைவீரனுக்குப் பெரும்பாலும் கல்லறை அமைவதில்லை. அவனுக்கு எஞ்சுவது பெயர் ஒன்றே. அப்பெயர் பதிவு பெறுவதும் பெறாமற்போவதும் எவற்றைச் சார்ந்தன என்பதை, முதல் உலகப் போரில் மூழ்கிய 'மெண்டி' என்னும் படைக்கப்பலின் வரலாறு புலப்படுத்துகிறது.

தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரைக் கொண்ட தொழிலாளர் படையின் ஐந்தாம் பட்டாளத்தினர் 1917 சனவரியில் கேப்டவுனிலிருந்து இக்கப்பலில் புறப்பட்டனர். பிரான்சில் சுமை இறக்குதல், மரம் வெட்டுதல் முதலிய பணிகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. ஆயுதம் ஏந்த அவர்களுக்கு அனுமதியில்லை. பிளிமத்திலிருந்து லெ ஆவ்ர் நோக்கிச் சென்றபோது, பிப்ரவரி 21 விடியலுக்கு முன், வைட் தீவுக்குத் தெற்கே அடர்பனியில் 'டாரோ' என்னும் பெரிய கப்பல் மெண்டியின் மீது மோதியது. பனியிலும் டாரோ விரைவைக் குறைக்கவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழுப்பவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களில் மெண்டி மூழ்கியது. இறந்தோர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர். மீட்புப் படகுகளை இறக்காது நின்ற டாரோவின் தலைவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையோ, ஓராண்டுக் காலம் உரிமம் நிறுத்தப்பட்டமை மட்டுமே.

செய்தி எட்டியதும் தென்னாப்பிரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினர். எனினும் போருக்குப் பின் இப்படையின் கறுப்பின வீரர்களுக்குப் போர்ப் பதக்கம் வழங்க அந்நாட்டு அரசு மறுத்துவிட்டது. அஞ்சலிக்கு உரியவர்கள் பதக்கத்திற்கு உரியவர்களாகக் கருதப்படவில்லை.

அரசு விட்ட இடத்தை மக்கள் நினைவு நிரப்பியது. இறந்தோருள் ஒருவரான ஐசக் வாக்கோப் டியோபா என்னும் சமய போதகர், மூழ்கும் கப்பலின் தளத்தில் வீரர்களை ஒன்றுகூட்டி, அஞ்சாது இறப்பை எதிர்கொள்ளுமாறு உரையாற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. இதற்குச் சமகால எழுத்துச்சான்று கிடைக்கவில்லை. ஆயினும், நிறவெறி ஆட்சிக் காலத்திலும் மெண்டியின் நினைவு மறையாதிருந்ததற்கு இவ்வாய்மொழி மரபே பெருங்காரணம் எனலாம். 'கோசா' மொழிக் கவிஞர் எம்காயி இந்நிகழ்வைப் பாடியுள்ளார். வீரச்செயல்களுக்கான 'மெண்டி விருது' 2003இல் நிறுவப்பட்டது.

சவுதாம்ப்டன் நகரின் ஹாலிபுரூக் நினைவுச்சின்னத்தில் மெண்டி வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1916இல் கப்பலோடு மூழ்கிய பிரித்தானியப் போர் அமைச்சர் கிச்சனரின் பெயரும் அதே சின்னத்தில்தான் உள்ளது. ஆனால் அதே போரில் கிழக்காப்பிரிக்கக் களத்தில் மாண்ட ஆப்பிரிக்கச் சுமையாளர் பல்லாயிரவருக்கு இவ்வாறு பெயர்ப் பொறிப்பு அமையவில்லை. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் இவ்வேறுபாட்டை 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.