பரிந்துரைக் கடிதம் யாருக்குத் தேவை?

சாதாரணக் காய்ச்சலுக்குக் கிளினிக் சென்றவர் கையில் மருந்துக்குப் பதிலாக மருத்துவமனைக் கடிதம் கிடைத்தால் என்ன ஆகும்? அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். மருத்துவமனையிலோ, கடும் நோயோடு காத்திருப்பவரின் முறை தள்ளிப்போகும். இது ஏன் நடக்கிறது என்பதை அண்டை நாடான இந்தோனேசியாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அங்கு 1.1.2014இல் தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. அவசர நேரம் தவிர, உறுப்பினர்கள் முதலில் தாங்கள் பதிந்துள்ள ‘புஸ்கெஸ்மாஸ்’ எனும் அரசாங்க சுகாதார நிலையத்துக்கோ கிளினிக்கிற்கோ செல்ல வேண்டும். டைபாய்டு, டெங்கி, உயர் இரத்த அழுத்தம் போன்ற 144 நோய்களைப் பொது மருத்துவரே கவனிக்க வேண்டும். வயது, நோய் நீடித்த காலம், சிக்கல், உடனிருக்கும் வேறு நோய் ஆகியவற்றைக் கருதி மேலே அனுப்பலாம்.

ஆனாலும் தேவையற்ற கடிதங்கள் எழுதப்படுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, பணம். பதிந்துள்ள ஒவ்வொருவருக்கும் நிலையத்திற்கு மாதந்தோறும் ஒரு தொகை முன்கூட்டியே கிடைக்கிறது. நோயாளியைக் கவனித்தாலும் அனுப்பிவிட்டாலும் அதே தொகைதான். கவனித்தால் செலவு நிலையத்துக்கு; அனுப்பினால் மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்புறுதி தனியே செலுத்தும்.

இரண்டாவது, பற்றாக்குறை. மருந்தோ இரத்தப் பரிசோதனை வசதியோ இல்லாதபோது மருத்துவர் வேறென்ன செய்வார்?

மூன்றாவது, ஆள் குறைவு. மருத்துவரே இல்லாத இடத்தில் தாதியர் துணிந்து முடிவெடுக்க இயலாது.

நான்காவது, நோயாளிகள். “பெரிய டாக்டரைப் பார்த்தால்தான் குணமாகும்” என்று வற்புறுத்திக் கடிதம் கேட்பவர்கள் உண்டு.

நிலைமையைச் சீராக்க, 2019ஆம் ஆண்டு விதி ஒன்று, நிலையம் எழுதும் பரிந்துரைகளில் இத்தகையவை 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இலக்கு வைத்து, மாதத் தொகையையும் அதனோடு இணைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால், மருந்தும் ஆளும் தராமல் எண்ணிக்கையை மட்டும் குறைக்கச் சொன்னால், அனுப்ப வேண்டிய நோயாளியையும் தடுத்து வைக்கும் ஆபத்து வரும். மருந்து அலமாரி நிறைந்தால் கடிதம் தானாகக் குறையும்.

மலேசியாவில் 2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் ஆரம்பநிலைச் சிகிச்சையை வலுப்படுத்தச் சொல்கிறது. பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை நாமும் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை கடிதம் தரப்பட்டால், “டாக்டர், இங்கே செய்ய முடியாதது எது?” என்று பணிவோடு கேளுங்கள். காரணம் சொன்னால் தயங்காமல் செல்லுங்கள்.